‘இங்க வருதே’ ஆசாமி

எத்தனையோ விதமான ஆசாமிகளோடு நீங்கள் மல்லுக்கட்டியிருப்பீர்கள். ‘இங்க வருதே’ ஆசாமியிடம் மாட்டியதுண்டா? ஆபீசுக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். மெயில் வரவில்லை என்று நீங்கள் போய் அழுதால், நாற்காலியைச் சுழற்றி, தனக்குத் தானே ஒரு மெயில் தட்டி, அது தன் திரையிலேயே வந்து விழுவதைப் பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல் பூரித்துப் பார்த்துவிட்டு, “இங்க வருதே” என்பார். விசாரணை முடிந்தது. நீங்கள் போகலாம்.

நம் ஆசாமிக்கு உத்தியோகம் அக்காள் கணவரின் பம்பு கம்பெனியில். மெயில் சர்வரை ஃபயர்வால் என்கிற காவல் மதிலுக்குப் பின்னால் குடிவைத்து, டொமைன் பெயர் சூட்டி, அந்தப் பெயருக்கான முகவரியை உலகமே பார்க்கும்படி பதிந்தவரும் அவரே. எந்த முகவரியை? ஆபீசுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரியை. வீடு எங்கே என்று கேட்டவனிடம் ‘சமையலறைக்குப் பக்கத்து அறை’ என்றால் அவன் எங்கே போவான்? தன் வீட்டுச் சமையலறைப் பக்கம் போய்த் தேடிவிட்டுத் திரும்புவான். வெளியிலிருந்து வந்த மெயில்களுக்கும் அதே கதிதான்.

கம்பெனியின் உயிரே ஒரு பெரிய ஆர்டரில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அது மெயிலில் வரவேண்டும். அக்காள் கணவர் சோறு தண்ணி இறங்காமல் காத்திருந்தார்.

“மாப்ள, இன்னும் வரலையே.”

“நம்ம சைடு பக்காவா இருக்கு மாமா. இப்பத்தான் டெஸ்ட் பண்ணேன்.”

“யாருக்கு அனுப்பிப் பாத்த?”

“எனக்குத்தான்.”

அக்காள் வீட்டிலிருந்து அனுப்பிப் பார்த்தாள். வரவில்லை. “உன் நெட்டு சரியில்லக்கா” என்று தீர்ப்பானது. ஆர்டர் தரவேண்டியவரே போன் செய்து, “உங்க சர்வரைத் தேடினா எங்க ஆபீசுக்குள்ளயே சுத்துதுங்க” என்றார். “அப்ப உங்க ஃபயர்வாலைப் பாருங்க சார்” என்று அவருக்கும் இலவச ஆலோசனை கிடைத்தது.

அவர் பார்த்தார். வேறு கம்பெனியைப் பார்த்தார்.

அக்காள் கணவர் கத்தவில்லை. மாப்பிள்ளையின் மேஜையருகே வந்து, “இந்த வருஷம் தாங்குவோமான்னு தெரியல மாப்ள” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நம் ஆசாமிக்கும் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, மன்னிப்புக் கேட்டு அடுத்த அறையிலிருந்த மாமாவுக்கு ஒரு மெயில் அனுப்பினார். அது மட்டும் உடனே போய்ச் சேர்ந்தது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: “நான் சொல்றது எதுவுமே உங்களுக்கு எட்டுறதில்ல” என்று உங்கள் வீட்டில் ஒருவர் அலுத்துக்கொண்டபோது, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

“ஏன், என் காது நல்லாத்தானே கேக்குது?”