மிருகம் சாகாத நாவல்

இந்த வீட்டுக்குள் நாய் வராது. பணி ஓய்வு பெற்ற அன்றே நான் எடுத்த தீர்மானம் அது. படுத்துத் தூங்க வசதியாக, காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேரவன் வண்டி வாங்கியாயிற்று. நாட்டின் வடகோடியில் இருக்கும் கக்காடு வரைக்கும் ஒரு தேசியப் பூங்கா விடாமல் சுற்றுவதாகத் திட்டம். நாயோடு போனால் பூங்கா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆக, நாயா கக்காடா, இரண்டில் ஒன்றுதான்.

எங்கள் ஊர் பெண்டிகோ. பெண்டு கோலோச்சும் ஊர் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். என் மனைவி கோரல் ஊர்ப் பெயரைக் காப்பாற்றி வருகிறாள்.

"டெஸ், ரேஸ்ல ஓடி ஓய்ஞ்ச கிரேஹவுண்டு நாய்க்கெல்லாம் வீடு தேடறாங்களாம். ஒண்ணு கூட்டிட்டு வரலாம்."

"இந்த வீட்ல ரிட்டயரானவன் ஏற்கெனவே ஒருத்தன் இருக்கேன்."

"அது ஓடிட்டு ரிட்டயராச்சு."

குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்தவன் நான்.

"மனுஷனுக்கும் மிருகத்துக்கும் ஒரு பந்தம் இருக்கு. உனக்கு அதெல்லாம் புரியாது" என்றாள்.

அங்கேதான் எனக்கு யோசனை பிறந்தது. பந்தம்தானே வேண்டும்? புத்தகமாக வாங்கிக் கொடுத்துவிடலாமே. டிராகனோடு மனசுக்குள்ளேயே பேசும் பெண், விண்கலத்தில் பூனை வளர்க்கும் கேப்டன் என்று வண்டி வண்டியாக நாவல் இருக்கிறதாம். புத்தகத்துக்கு முடி கொட்டாது. கேரவனில் வைத்தால் கக்காடுக்கும் வரும்.

பழைய புத்தகக் கடை ஜானெலிடம் போனேன்.

"மனுஷனும் மிருகமும் உயிருக்கு உயிரா இருக்கற கதை வேணும். மந்திரக் கதையோ விண்வெளிக் கதையோ, எதுவானாலும் சரி."

"கோரலுக்கா?"

"கோரலுக்குத்தான்."

டிராகன் கதை ஒன்றைத் தந்தாள். கோரல் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"இதுல மிருகம் சாகுதா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"செத்துச்சுன்னா நான் படிக்க மாட்டேன். முதல்ல நீ படிச்சுட்டுச் சொல்லு."

நியாயமான நிபந்தனைதான். படித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் டிராகன் செத்தது. அந்தப் பெண் அதன் இறக்கைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வந்தேன். வேற்றுக் கிரகம், ஆறு கால் குதிரை. ஆறு கால் இருந்தும் அது தப்பிக்கவில்லை. மூன்றாவதில் பூனை பிழைத்தது, கேப்டன் போய்விட்டான். பூனை பதினோரு வருஷம் விண்கலக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

"இதாவது தேறுமா?" என்றாள் கோரல்.

"பூனை உயிரோடதான் இருக்கு. ஆனா நீ படிக்காதே. தாங்க மாட்டே."

"சரி, அடுத்ததைப் படி."

நாலாவது ஒரு ஓநாய்க் கதை. ஒரு வீரன், ஒரு ஓநாய். ஒருவர் நினைப்பது மற்றவருக்குக் கேட்கும். எண்ணூறு மைல் நடந்து புனித மலைக்கு வருகிறார்கள். மலைக்குள் மிருகத்துக்கு அனுமதி இல்லை. ஓநாயை அடிவாரத்தில் விட்டுவிட்டு அவன் மட்டும் ஏறிப் போகிறான். முற்றும். ஓநாய் சாகவே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்தில் அது ஞாபகமே இல்லை. நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"இவனெல்லாம் ஒரு கதாநாயகனா?"

"நாயகன்னா பேர்ல பாதி நாய்தானே. நல்லவனா இருந்திருக்கணுமே" என்றாள் கோரல், உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மலை என்ன ஓடியா போகுது? அப்படியென்ன பொல்லாத மலை? உள்ள விடலைன்னா ரெண்டு பேருமா வெளியவே உட்கார வேண்டியதுதானே. நானா இருந்தா அதைத்தான் செய்வேன்."

"நிஜமாவா, டெஸ்?"

"சத்தியமா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கார் சாவியை எடுத்தாள். வார்த்தையை விட்டுவிட்டேன் என்பது கார் கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

கிரேஹவுண்டு காப்பகத்தில் ஒரு சாம்பல் நிற நாய் வந்து என் முழங்காலில் தலையைச் சாய்த்தது. நகரவில்லை. நானும் நகரவில்லை. கக்காடு போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

காப்பகத்துக்காரி படிவத்தை நீட்டிக்கொண்டே கோரலிடம் சொன்னாள்:

"ஓநாய்ப் புத்தகம் போயிருக்குன்னு ஜானெல் போன் பண்ணினா. நாலாவதுலயே விழுந்துட்டாரா? எங்க வீட்டுக்காரருக்கு ஏழு புத்தகம் ஆச்சு."