உங்கம்மாவுக்கு ஒரு சுவர்

அன்புள்ள மருமகளுக்கு, உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நான் சுகம், என் இருமலும் சுகம். அங்கும் எல்லாரும் அப்படியே இருக்க வேண்டும். இதை அம்மா காதில் விழும்படி உரக்கப் படி. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நிறுத்தாதே.

பழைய வீட்டை விற்க நான் கையெழுத்துப் போட்டதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. "அந்த வீட்டுச் சுவர் ஒண்ணாவது என் புது வீட்டுல நிக்கட்டும், அப்புறம் அண்ணன்னு கூப்பிடறேன்" என்று உன்னிடம்தானே சொல்லியனுப்பினாள்? நிற்கப் போகிறது. வாங்கியவர் வீட்டை இடிக்கிறார், இடிபாடு நான் வேலை பார்க்கும் கல் ஃபேக்டரிக்குத்தான் வரும். இடிந்த கான்கிரீட்டையும் ஆலைச் சாம்பலையும் சேர்த்துக் கல் அறுப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. எங்கள் இன்ஜினீயரே என்னைக் கேட்காமல் தண்ணீர் குடிப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை லாரி வந்து இடிபாட்டைக் கொட்டியது. உங்கள் பழைய தெரு வீடுதான் என்றார் டிரைவர். பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டேன். பச்சைச் சாயத் துண்டு சமையலறை. அதிலிருந்த புகைக் கறை, உங்கம்மா அடுப்பில் பாலை மறந்து கதைப் புத்தகம் படித்ததற்குச் சாட்சி. ஆணியோடு வந்தது எங்கள் அப்பா சட்டை மாட்டிய இடம். படிக்கட்டு மூலையை மடியில் வைத்து அரை மணி நேரம் அழுதேன். மழை நாளில் நானும் அவளும் அங்கேதான் ஒரே துண்டைப் போர்த்திக்கொண்டு அப்பாவுக்குக் காத்திருப்போம். மற்ற இடிபாட்டோடு கலக்கக் கூடாதென்று அரைவை இயந்திரத்தை நிறுத்தி, நானே துடைத்து, தனியாக அரைத்து, காந்தத்தால் கம்பியைப் பிரித்து, சலித்து, இரும்பாலைக் கசடும் சாம்பலும் சேர்த்துப் பிசைந்தேன், அந்த நினைப்பிலேயே சிமெண்டு போட மறந்துவிட்டேன், முதல் நூறு கல்லும் தொட்டதும் மாவாய் உதிர்ந்தது.

"யோவ், இது ஃபேக்டரியா, உன் வீட்டு வாசலா?" என்றார் மேனேஜர்.

"இன்னிக்கு ரெண்டும்தான் சார்."

அவர் கண் கலங்கியது. தூசி என்கிறார்.

உதிர்ந்ததை மறுபடி அரைத்து, சிமெண்டு சேர்த்து அழுத்தினேன். இப்போது முந்நூறு கல் ஈரச் சாக்கின் கீழ் இறுகுகிறது. ஒன்றின் மேல் லாரியை ஏற்றிப் பார்த்தேன், டயர்தான் பஞ்சர்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆயுசு நூறு. அம்மாவிடம் நீ எனக்காகப் பரிந்து பேச வேண்டாம், கல் வந்து பேசும்.

இப்படிக்கு,
கான்கிரீட்டுக்கே உயிர் கொடுக்கும் உன் மாமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது டிரைவர் வந்தார். அவர் கொட்டியது பக்கத்து டெய்லர் வீடாம். தெரு முழுக்க ஒரே மேஸ்திரி, ஒரே பச்சைச் சாயம், நான் என்ன செய்ய? நம் வீட்டைத் திங்கட்கிழமைதான் இடிக்கிறார்கள். ஞாயிறு காலை நான் அங்கே இருப்பேன். அம்மாவை வரச் சொல். பேச வேண்டாம், எந்தச் சுவர் என்று கையைக் காட்டினால் போதும்.