அம்மாவின் பேட்டரி வழக்கில் என் சாட்சியம்

திண்டுக்கல்லில் ஒரு மனிதன் பொய் சொல்லித் தப்பிக்கவே முடியாத இடம் ஒன்று இருக்கிறது. கோர்ட்டில்கூட வாய்தா வாங்கலாம். பாவசங்கீர்த்தனக் கூண்டில் இரண்டு பாவத்தை மென்று முழுங்கிவிடலாம், நானே முழுங்கியிருக்கிறேன். நத்தம் ரோட்டில் இருக்கும் அந்த பேட்டரிக் கடையில் மட்டும் எந்த ஜம்பமும் பலிக்காது.

கடைக்காரரை ஊரே 'கமிஷன்' என்றுதான் கூப்பிடும். தரகு வாங்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். விசாரணைக் கமிஷன் என்பதன் சுருக்கம் அது. சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கடை போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், 'பேட்டரி' என்பதைத் தவிர மிச்சமெல்லாம் வெயிலில் வெளுத்துவிட்டது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். ஆசிட் தெறித்துத் தெறித்து, எந்தச் சட்டை போட்டாலும் வயிற்றுப் பக்கம் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருக்கும். தீபாவளிக்கு எடுத்தது பொங்கலுக்குள் சல்லடையாகிவிடும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மற்ற கடைகளில் காருக்கு பேட்டரி வாங்குவது பத்து நிமிட வேலை. வண்டி பெயரைச் சொன்னால் மாட்டி அனுப்பிவிடுவார்கள். கமிஷனிடம் போனால் முதலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டுவார். உட்கார்ந்தீர்களோ, தொலைந்தீர்கள்.

"ஒரு நாளைக்கு எம்புட்டுத் தூரம் ஓட்டுவீக? வண்டி நிக்கிறது நெழலா, வெயிலா? வீட்டுல வேற யாரு ஓட்டுறா? இஞ்சின அமத்திட்டு உள்ள ஒக்காந்து போன் பேசுவீகளா? யார்கிட்ட?"

கடைசிக் கேள்வியில் பல பேருக்கு முகம் மாறும்.

"அதெல்லாம் எதுக்குண்ணே? பேட்டரியக் குடுங்க, நான் போறேன்" என்று எகிறியவர்களும் உண்டு. கமிஷன் அசைய மாட்டார்.

"வயசாகிச் சாகுற பேட்டரி ஒண்ணு, ஆளு சாகடிக்கிற பேட்டரி ஒண்ணு. ஒங்களுது எதுன்னு தெரியாம புதுசத் தூக்கிக் குடுத்தா, அதையுங் கொன்டுபுட்டு என்னையத் திட்டுவீக. ஒக்காருங்க."

ஒருமுறை என் காருக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றப் போயிருந்தேன். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மண்டி வைத்திருக்கும் ஒருவர், மனைவியோடு காரில் வந்து இறங்கினார்.

"ஏனுங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா பேட்டரி படுத்துக்குதுங்க. போன கடைக்காரன் பழசைத் தலையில கட்டிட்டானுங்க" என்றார்.

நாற்காலி காட்டப்பட்டது.

"மார்க்கெட்டுல இருந்து எத்தன மணிக்குக் கெளம்புவீக?"

"ஆறு மணிக்குங்க."

"வீடு எம்புட்டு தூரம்?"

"கால் மணி நேரங்க."

வெளியே நின்றிருந்த மனைவி சும்மா இருந்திருக்கலாம். "எட்டு மணிக்குத்தானுங்க வீட்டுக்குள்ள நுழைவாரு" என்றார்.

கமிஷன் விரல் விட்டு எண்ணினார். "மிச்சம் ஒண்ணேமுக்கால் மணி நேரம். அது எங்கண்ணே?"

மண்டிக்காரருக்கு வியர்த்துவிட்டது. அந்த அம்மாவின் முகம் இறுகிவிட்டது. ஒரு குடும்பம் என் கண்முன்னால் உடையப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, டிஸ்டில்ட் வாட்டர் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தெருமுக்குலதானுங்க" என்றார் அவர், குரல் உள்ளே போய். "வண்டிய நிறுத்திப்போட்டு பாட்டுக் கேட்டுட்டு இருப்பனுங்க. விடியறதுக்குள்ள இருந்து தக்காளி, வெங்காயம்னு கத்திக்கிட்டே கெடக்கறனுங்க. கொஞ்ச நேரம் யாருகூடயும் பேசாம இருந்தாத் தேவலைன்னு தோணுமுங்க. வீட்டுல சொன்னா சங்கடப்படுவாங்க."

அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வை அப்படியே இளகிவிட்டது. "இதச் சொல்றதுக்கு என்னங்க? மாடி ரூம்பு சும்மாத்தான கெடக்குது!"

"பேட்டரி மேல தப்பே இல்ல" என்று கமிஷன் தீர்ப்பு சொன்னார். "சார்ஜ் போட்டுத் தாரேன், எடுத்துட்டுப் போங்க. தாயி, மாடிக்கு ஒரு ரேடியோ வாங்கிக் குடுத்துருங்க." விற்றிருக்கக்கூடிய ஒரு பேட்டரியை விற்காமலே அனுப்பிவைத்தார்.

இன்னொருத்தர் வந்தார். சின்ன பெட்ரோல் கார். கடையிலேயே பெரிய பேட்டரிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மச்சான் வண்டியில் அதுதான் இருக்கிறதாம்.

"மச்சான் வண்டி டீசலு. இது ஒங்க வண்டித் தட்டுலயே ஒக்காராது. பிளஸ்ஸும் மைனஸும் பக்கம் மாறிக் கெடக்கு, ஒயரு எட்டாது. அது கெடக்கட்டும், மச்சானுக்கும் ஒங்களுக்கும் என்னா தகராறு? மொதல்ல அதச் சொல்லுங்க" என்றார் கமிஷன். காதுகுத்துக்குக் கூப்பிடாத கதை அரை மணி நேரம் ஓடியது. முடிந்தபோது அந்த மனுஷன் தன் வண்டிக்கு ஏற்ற சின்ன பேட்டரியைச் சமர்த்தாக வாங்கிக்கொண்டு, கமிஷனுக்கு டீயும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட ஆளின் முன்னால்தான் என் அம்மாவின் கார் போய் நின்றது. அது நான் மாட்டிக்கொண்ட கதை.

அம்மா, ரிட்டையரான கணக்கு டீச்சர். அப்பா போன பிறகு அவருடைய சின்னக் கார் சும்மா நின்றது. அறுபத்திரண்டு வயதில் அம்மா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்துகொண்டு, தெருமுனைக்குத் தெருமுனை ஹாரன் அடித்துக்கொண்டு அவள் போவதைப் பார்த்தால் எனக்கு ஈரக்குலை நடுங்கும். ஒருமுறை கேட்டில் உரசினாள். நாகல் நகரில் ஒரு மாடு மயிரிழையில் பிழைத்தது. வண்டியை விற்றுவிடலாம் என்று வாரத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான் என்ன ஏரோப்பிளேனா ஓட்டுறேன்? போடா" என்பாள்.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. காரில் வைத்துவிட்டால், கார் எங்கே இருக்கிறது என்று நம் போனில் காட்டும். தெரிந்த ஒருத்தனைப் பிடித்து, அம்மா மாதா கோயில் பூசைக்கு நடந்து போயிருந்த நேரம் பார்த்து, பேட்டரியிலிருந்தே ஒயர் இழுத்து டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, அம்மா ஒரு நீலப் புள்ளியாக மதுரை ரோட்டில் ஊர்ந்து போவதைப் பார்ப்பேன். பிறகு சில மாதமாகப் புள்ளி மாதா கோயிலைத் தாண்டவில்லை. அம்மாவுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் மூன்று தடவை ஸ்டார்ட் ஆகவில்லை. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"வயரிங்கே போச்சும்மா. இனிமே செலவு வச்சுக்கிட்டே இருக்கும். வித்துருவோம்."

அம்மா யோசித்தாள். "கமிஷன் பாத்துச் சொல்லட்டும். அவரு விக்கச் சொன்னா வித்துர்றேன்."

எனக்குப் பகீரென்றது. முதல் நாளே ஓடிப்போய், "அண்ணே, நாளைக்கு அம்மா வண்டி வருது. வயரிங் போயிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. வயசானவங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

கமிஷன் சிவப்பு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. வந்த வழியே ஓடிவிட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்து, அம்மாவே ஓட்டி வந்தாள்; நான் பக்கத்து சீட்டில். கமிஷன் பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். பிறகு அம்மாவை உட்காரச் சொன்னார்.

"டீச்சர், வண்டி ஒரு நாளைக்கு எம்புட்டு ஓடுது?"

"மாதா கோயிலுக்கு மட்டும்தான். ஒரு கிலோமீட்டர்."

"முந்தி?"

"முந்தி வாரத்துக்கு ரெண்டு தடவை சின்னாளப்பட்டி போவேன். கூட வேலை பார்த்த ரோஸ்லின் டீச்சர் அங்க இருக்கா. ரெண்டு பேரும் சுங்குடிச் சேலை பார்ப்போம், வாங்க மாட்டோம். ஒருநாள் வடமதுரை வரைக்கும் போய் அவிச்ச கடலை வாங்கித் தின்னுட்டு வந்தோம். சும்மாதான்."

"ஏன் நிறுத்துனீக?"

அம்மா மடியிலிருந்த பையின் வாரைச் சுருட்டினாள்; பிரித்தாள்.

"ஒருநாள் சின்னாளப்பட்டியில நல்ல மழை. இவன் போன் பண்ணி, 'மெதுவா வாம்மா, அங்க ரோடு வழுக்கும்'னான். அங்க போறேன்னு நான் யாருகிட்டயும் சொல்லல. அன்னைலருந்து ஓட்டும்போதெல்லாம் யாரோ பின்சீட்டுல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருக்க மாதிரி இருக்கு. எதுக்கு வம்புன்னு கோயிலோட நிறுத்திக்கிட்டேன்."

புத்தி வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்ட அந்தப் புள்ளி, எனக்குப் பயந்து வீட்டோடு முடங்கிய என் அம்மா. மண்டிக்காரருக்கு வியர்த்த அதே இடத்தில் எனக்கும் வியர்த்தது. அடுத்த கேள்வி எனக்குத்தான் என்று காத்திருந்தேன்.

கேட்கவில்லை! ஊரில் யாரையும் விடாத அந்த மனுஷன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மைனஸ் ஒயரைக் கழற்றி, நடுவில் கரண்ட் அளக்கும் மீட்டரை வைத்தார். சாவி வெளியே, லைட், ரேடியோ எல்லாம் ஆஃப். மீட்டரில் மட்டும் எண் ஓடியது.

"வண்டி தூங்குது டீச்சர். உள்ள எதோ ஒண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கு."

பிளஸ் முனையில் மெல்லிசாக ஒரு சிவப்பு ஒயர். அதை விரலால் தடவிக்கொண்டே போய், டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். வெளியே வந்தபோது கைக்குள் அந்தப் பெட்டி இருந்தது.

"என்ன அது?" என்றாள் அம்மா.

அவர் பெட்டியையே பார்த்தார். "யாரோ ஒருத்தரோட பயம் டீச்சர். இத்தினிக்கூண்டு டப்பாவுல அடைச்சு வச்சிருக்காக. ராப்பகலா முழிச்சிருந்து பேட்டரிய உறிஞ்சிருக்கு. வண்டியும் ஓடல, சார்ஜ் ஏறல."

அவ்வளவுதான். யார் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. நானே போய் அந்தச் சிவப்பு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நான்தாம்மா வச்சேன்."

"தெரியும்" என்றாள் அம்மா.

"எப்பத்திலருந்து?"

"ரோடு வழுக்கும்னு சொன்னியே, அன்னைக்கே. முப்பத்தோரு வருசம் கணக்கு எடுத்திருக்கேன்டா. விடையை மட்டும் எழுதிட்டு வழி எழுதாத பயல எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதா? நீயாச் சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

குரல் கடைசியில் லேசாக உடைந்தது. கமிஷன் தொண்டையைச் செருமி எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றினார்.

"தீர்ப்பு என்னான்னா, வயரிங் சுத்தமா இருக்கு. வண்டிய விக்க வேண்டியதில்ல. பேட்டரிதான் பல தடவ அடிமட்டம் வரைக்கும் வத்திப்போச்சு, இனித் தாங்காது. மாத்திருவோம்."

முன்வரிசையில் இருந்ததை எடுக்கவில்லை. உள்ளே போய், அதே அளவில், பிளஸ் அதே பக்கம் இருக்கிற ஒன்றைத் தூக்கிவந்தார். செய்த மாதம் பொறித்திருந்த இடத்தைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "போன மாசத்துச் சரக்கு. அலமாரியில கெடந்து தூங்குனத டீச்சருக்குக் குடுக்கக் கூடாது." ஒயர் முனைகளில் பூத்திருந்த பச்சைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்தார். முதலில் பிளஸ், அப்புறம் மைனஸ், மேலே கொஞ்சம் வாசலைன். எல்லா பேட்டரியின் தலையிலும் மாட்டிய தேதியை மஞ்சள் பெயிண்டில் எழுதுவார். இதில் தேதிக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினார்: 'வாரம் இரண்டு தடவை சின்னாளப்பட்டி.'

அம்மா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். பட்டென்று பிடித்தது. நான் அந்தப் பக்கம் போய்க் கதவை இழுத்தேன். பூட்டியிருந்தது.

"நீ பஸ்ஸுல வா" என்று சொல்லிவிட்டு, ஹாரனை ஒரு அழுத்து அழுத்திக்கொண்டு போயே போய்விட்டாள். வீட்டுக்குப் போகிற வழி அது இல்லை.

நான் கமிஷனிடம் திரும்பினேன். "எல்லாரையும் கேப்பீங்களேண்ணே, என்னை மட்டும் ஏன் கேக்கல?"

"பானெட்டத் தூக்குனதுமே ஒயரப் பாத்துட்டேன் தம்பி. நேத்து நீங்க ஓடுன ஓட்டத்தையும் பாத்தேன். கேட்டிருந்தா ஒளறியிருப்பீக. நீங்களாச் சொன்னாத்தான் அவுகளுக்கு ஆறும்" என்றவர், பெட்டியைப் பழைய பேப்பரில் சுற்றி என் கையில் வைத்தார். "மறுபடி மாட்டணும்னா டீச்சர்கிட்டக் கேட்டுட்டு வாங்க. ஒழுங்கா மாட்டித் தாரேன். உறிஞ்சாது."

நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அம்மாவே சின்னாளப்பட்டியிலிருந்து போன் பண்ணி, "இங்க மழை. ரோடு வழுக்கும், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.

போன வாரத்திலிருந்து என் காரும் காலையில் முக்கி முனகித்தான் கிளம்புகிறது. எங்கள் தெருவிலேயே ஒரு கடை இருக்கிறது. பத்து நிமிடத்தில் மாட்டிவிடுவார்கள். நான் நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். நத்தம் ரோட்டுக்குப் போய், காட்டுவதற்கு முன்னாலேயே அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்காரப் போகிறேன். அவர் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும். அந்த மனுஷனிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.