பிளாஸ்டிக் போட்ட உலகம்

உலகத்தில் ஆபத்தான ஆள் யாரென்றால், எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைக்கிறவன்தான். திருடன்கூட அவனுக்கு அடுத்துதான். நான் அந்த ரகம்.

எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, காஸ் புக்கு எல்லாம் லேமினேஷன் போட்டவை. சாரல் காலத்தில் தென்காசியில் தீப்பெட்டி முதல் தலையணை வரை நமுத்துப்போகும். அதனால் பிளாஸ்டிக்கை நம்பினேன். (ஏழாம் வகுப்போடு நின்றவன் எதையாவது நம்பித்தானே ஆகவேண்டும்.)

மாமனார் காலமானதும் கீழப்பாவூர் வீட்டில் பாகம் பிரித்தார்கள். தேக்குக் கட்டில், பித்தளை அண்டா, பீரோ எல்லாம் மச்சானுக்கு. போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர்டு ஆனவர். என் மனைவி சண்முகத்தாய்க்கு ஒரு புத்தகம். பழைய உலக அட்லஸ். தூக்கினால் இடுப்பு பிடிக்கும். தோல் அட்டை. முதல் பக்கம் கிடையாது. மாமனார் மலையில் எஸ்டேட் பங்களாவில் சமையல் வேலை பார்த்தபோது வெள்ளைக்காரன் விட்டுப்போனது.

“உலகத்தையே உனக்குக் குடுத்தாச்சுட்டி. இன்னும் என்ன வேணும்?” என்றார் மச்சான். சண்முகத்தாய் அட்லஸை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதன்பிறகு அண்ணனோடு பேசவே இல்லை.

எனக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை. ரூம் கூட்டுவது, வெந்நீர் வைப்பது. சீசனுக்குச் சீசன் கொல்லத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். பழைய வரைபடங்களை வாங்கி விற்கிறவர். போனில் அட்லஸ் போட்டோவைக் காட்டினேன். உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்குக் கிளம்பியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எவிடெ கிட்டி இது, தம்பி?”

“பொண்டாட்டி பங்கு.”

“வருஷம் போட்ட பக்கம் இல்ல. சாரமில்ல, பரவாயில்ல. செம்புத் தகட்டுல அச்சடிச்சதுன்னா படத்தைச் சுத்தி ஒரு பள்ளம் இருக்கும். விரல் வச்சா தெரியும். வெளிச்சத்துல பிடிச்சா பேப்பருக்குள்ள முத்திரை தெரியும். நாளைக்குக் கொண்டு வா, விலை சொல்லாம். மழை உண்டு. பத்திரம்!”

மழை, பத்திரம். இந்த இரண்டுதான் என் மண்டையில் ஏறியது. பள்ளமும் முத்திரையும் வெளியிலேயே நின்றுவிட்டன.

வேலை முடிந்ததும் வீட்டிலிருந்து அட்லஸைத் தூக்கிக்கொண்டு நேராகத் தென்காசியில் லேமினேஷன் போடும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, இவ்ளோ பெரிய பேப்பரு மிஷினுக்குள்ள போவாது. ரெண்டா வெட்டணும்” என்றான் கடைக்காரன்.

“வெட்டு.”

“இந்தத் தோல் அட்டை? நாத்தம் அடிக்கி.”

“தூரப் போடு.”

(அந்த நேரத்தில் யாராவது என் செவிட்டில் ஒரு அறை விட்டிருக்கலாம். தென்காசியில் இவ்வளவு ஜனம் இருந்து என்ன பிரயோஜனம்?)

“ஸ்பைரல் என்ன கலரு?”

“பச்சை.” யோசித்துத்தான் சொன்னேன்.

வீட்டில் சண்முகத்தாய் அதைத் தடவிப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. பெரியவர் விலை சொல்லப்போவதைச் சொன்னேன். அவளே போனை எடுத்தாள். “அண்ணேன், நாளைக்குக் குத்தாலம் லாட்ஜுக்கு வா. நீ எனக்கு என்ன குடுத்தேன்னு உன் கண்ணால பாத்துட்டுப் போ.” பாகம் பிரித்த பிறகு அவள் அவரோடு பேசிய முதல் பேச்சு அது.

மறுநாள் சண்முகத்தாயும் என்னோடு லாட்ஜுக்கு வந்தாள். மச்சான் குடையோடு வந்தார். சாட்சிக்கு வந்த மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தார். கொல்லத்துப் பெரியவர் வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடியோடு தயாராக இருந்தார். பச்சை ஸ்பைரலை அவர் மடியில் வைத்தேன்.

“அட்லஸ் எங்கே?”

“இதுதான்.”

கையுறையைக் கழற்றினார். விரலை வைத்தார். வழுக்கியது. வெளிச்சத்தில் பிடித்தார். டியூப்லைட்தான் தெரிந்தது. வெட்டின ஓரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“விலை?” என்றேன். (கேட்டேன். வெட்கம் கெட்டவன்.)

“நேத்தைக்கு இருந்த மாதிரியே வந்திருந்தா உன் வீட்டுக்கு மேல ஒரு மாடி கட்டியிருக்கலாம். இன்னைக்கு எடைக்குப் போட்டாலும் பழைய பேப்பர்காரன் எடுக்க மாட்டான். பிளாஸ்டிக் ஒட்டியிருக்கே!”

மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார். “மாப்ளே, சர்வீஸ் பூரா எத்தனையோ கேஸ் பாத்தாச்சு. கத்தி, கைரேகை எல்லாத்தையும் பிளாஸ்டிக்ல பொட்டலம் கட்டித் தானே கொண்டாந்து ஒப்படைச்ச குத்தவாளிய இன்னைக்குத்தான் பாக்கேன்.”

நானும் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சண்முகத்தாய் பெரியவரிடம் கேட்டாள். “சார், பொருளு அசல்தானே?”

“அசல். வெட்டின ஓரத்துல பேப்பரோட நாரே சொல்லுது. சந்தேகமே வேண்டாம்.”

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். “கேட்டுக்கோ. எங்கப்பா வச்சிருந்தது குப்பையில்ல. குப்பைன்னு நெனச்சு எனக்குத் தள்ளிவிட்டது நீ.”

மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது. கட்டிலை எடுத்துக்கொண்டு மாடியைக் கொடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரே பெஞ்சில் இரண்டு மடையர்கள். சண்முகத்தாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நானும் அவரும் அன்றைக்கு அருவியில் குளிக்கவில்லை. குளித்த மாதிரிதான் இருந்தது.

இப்போது மச்சான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். சண்முகத்தாய் ஸ்பைரலைக் கழற்றிவிட்டாள். இலைக்கு அடியில் ஆளுக்கு ஒரு தாளாக விரிக்கிறாள். சாம்பார் கொட்டினால் ஒரு துடை போதும். மச்சானுக்கு எப்போதும் பாலைவனம். எனக்கு வெறும் கடல். பெயருக்குக்கூட ஒரு தீவு கிடையாது.

“எனக்கும் ஒரு நாடு போடேன்” என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

“குடுத்தா அதையும் ரெண்டா வெட்டிட்டு வருவிய. சாப்பிடுங்க” என்றாள்.