கிரிம்பிங் டூலால் நான் பாக்கு வெட்டவில்லை

கோயம்புத்தூர்
3.12.1996

சிரஞ்சீவி கிஷனுக்கு, பெரியம்மா ராமாமணி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் பட்டறையும் சுகம். அங்கு நீயும் தேஜஸ்ரீயும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் மாமியாரின் முழங்கால் வலி முற்றிலும் குணமாகியிருக்க வேண்டும். ஈரோட்டுக் கல்யாணத்தில் ஒரு பந்தி விடாமல் நடந்துபோய் என்னைப் பற்றிப் பேசினார் என்று கேள்விப்பட்டேன்.

முதலில் அவர் சொன்னதைத் திருத்திவிடுகிறேன். எழுபத்தொரு வயதில் நான் நம் கம்பெனியின் கிரிம்பிங் டூலைக் கைப்பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோய் அதில் பாக்கு வெட்டுகிறேன் என்பது அவர் சொன்ன செய்தி. எனக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் என்றைக்குமே இல்லை. நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். சிவந்திருந்தால் மத்தியானம் முழுவதும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். மேலும் நான் கொண்டுவந்தது ஒரு டூல் அல்ல, மூன்று. ஒளித்தும் கொண்டுவரவில்லை. துண்டில் சுற்றி, இன்ன பொருள், இத்தனை, இன்ன காரணம் என்று சீட்டு எழுதிக் கையெழுத்திட்டு, வாட்ச்மேன் மாசாணத்திடம் கொடுத்துவிட்டுத்தான் கேட்டைத் தாண்டினேன். "ஏனுங்கம்மா, நீங்க மொதலாளியம்மா. உங்ககிட்ட சீட்டு வாங்குனேன்னு தெரிஞ்சா என்னையத்தானுங்க வைவாங்க" என்றார். முதலாளிக்குத் தனிச் சட்டம் கிடையாது என்றேன். கோயிலில் விபூதி வாங்குவதுபோல் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.

எதற்குக் கொண்டுவந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே சொல்கிறேன். நீ மெட்ராஸுக்குப் போயிருந்த வாரம் கிணத்துக்கடவிலிருந்து பாலுசாமி என்ற விவசாயி வந்தார். நாம் செய்து கொடுத்த மோட்டார் ஸ்டார்ட்டர் பேனலைச் சாக்கில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உக்கடம் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி வந்திருக்கிறார். ஆபீஸில் ஆளில்லாததால் அவரை என் வீட்டு முன்னறையில் உட்கார வைத்தேன். "மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலீங்க. இந்த டப்பாதானுங்க பொகஞ்சுபோச்சு. நாலு நாளா தண்ணி உடலீங்க, தென்னங்கன்னெல்லாம் தலையத் தொங்கப் போட்டுருச்சுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திறந்து பார்த்தேன். ஒயரின் முனையில் மாட்டும் லக் தளர்ந்து, சூடேறி, கருகியிருந்தது. லேசாக இழுத்தேன். பழுத்த முருங்கை இலையைப் போல ஒயர் கையோடு வந்துவிட்டது.

நீ திரும்பி வந்தாய், பேனலைப் பார்த்தாய், பாலுசாமிக்கு வேறு பேனல் அனுப்பினாய். அதுவரை சரி. மறுநாள், இருபத்திரண்டு வருஷமாக நம்மிடம் ஒயரிங் செய்யும் அப்துல் குத்தூஸிடம் "கவனக்குறைவு" என்று டைப் அடித்த கடிதம் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தினாய். அவர் மறுபேச்சுப் பேசவில்லை என்று பெருமையாகச் சொன்னாய். மறுபேச்சுப் பேசாதவர் குற்றவாளி என்று உனக்கு எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. உன் பெரியப்பா இருந்த காலத்தில் குத்தூஸ் செய்த ஒரு பேனல்கூடத் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்ட கை ஒரே மாதத்தில் கெட்டுப்போகாது. கெட்டது கருவியாகத்தான் இருக்கும். மூன்று டூலையும் எடுத்து வந்ததற்கு இதுதான் காரணம்.

உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். லக்கை ஒயரோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கவைப்பது கிரிம்பிங் டூலின் வேலை; நல்ல டூல் பாதி அழுத்தத்தில் வாயைத் திறக்காது. உள்ளே ராட்செட் என்ற பல் இருக்கிறது. கைப்பிடியை முழுதாக அழுத்தினால்தான் அது விடும். அரைகுறை வேலையை அனுமதிப்பதில்லை என்பதால் எனக்கு அந்தக் கருவியின்மேல் மரியாதை உண்டு. பக்கத்தில் ஒரு சின்ன லீவர் வைத்திருக்கிறார்கள். ஏதாவது சிக்கிக்கொண்டால் விடுவிப்பதற்கு மட்டும் அது. அதைத் தட்டித் திறந்த லக்கை வெட்டி எறிந்துவிட்டு வேறு போட வேண்டும்.

சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். ஒயரின் மேல்தோலை லக்கின் குழாய் நீளத்துக்கு மட்டும் சீவி, செம்புக் கம்பி ஒன்றுகூட வெட்டுப்படாமல் பார்த்து, நீல லக்கை நீலக் குறியுள்ள வாயில் வைத்து அழுத்தினேன். டூல் பாதியில் நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. லீவரைத் தட்ட வேண்டியதாயிற்று. இப்படிப் பன்னிரண்டு செய்து, ஒவ்வொன்றையும் ஊஞ்சல் கொக்கியில் மாட்டி, பத்துக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். ஐந்து தாங்கின. ஏழு விழுந்தன. முதல் ஆறுக்கும் கீழே தலையணை போட்டிருந்தேன். ஏழாவது விழுந்தபோது தலையணை சற்று நகர்ந்திருந்ததால் தரையில் ஒரு டைல்ஸ் உடைந்தது. அந்த நேரம் பார்த்து உன் மாமியார் ஈரோட்டுக் கல்யாணப் பத்திரிகை வைக்க உள்ளே வந்தார். என் கையில் டூல், தரையில் பழுப்பு நிறத் துண்டுகள். அவர் கண்டது டைல்ஸை, கொண்டுபோனது பாக்கை. காப்பிக்கும் நிற்கவில்லை.

சாயங்காலம் குத்தூஸை வரச்சொல்லிக் கேட்டேன். "ஆமாங்கம்மா, பாதியில புடிச்சுக்குதுங்க. சார்கிட்ட ரண்டு தடவ சொன்னனுங்க. அனுசரிச்சு ஓட்டுங்க, லோடு போகோணும்னாருங்க. லீவரத் தட்டி ஓட்டிப்போட்டேன். தப்புத்தானுங்க" என்றார். எதனால் பிடித்துக்கொள்கிறது என்று கேட்டதற்கு, என் வீட்டுக் காலண்டரைப் பார்த்தபடி, "வயசாயிருக்குமுங்க" என்றார். டூலுக்கா என்று கேட்டேன். வாசலில் விட்ட செருப்பைத் தேடப் போய்விட்டார்.

ஆகவே கவனக்குறைவு யாருடையது என்பது தெளிவு. இரண்டு முறை சொல்லியும் நீ டூலைத் திறந்து பார்க்கவில்லை. வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் துடைத்து மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவதற்கும், நாளுக்கு ஒரு லக்கை இழுத்துப் பார்ப்பதற்கும் நீ ஆள் வைக்கவில்லை. ஆயுத பூஜை வரைக்கும் டூல் நன்றாக இருந்ததாக நீயே சொல்கிறாய். அது உண்மைதான். அன்று பூஜையை முன்னின்று செய்தவள் நான். ஒவ்வொரு கருவியையும் கையிலெடுத்துத் துடைத்தேன். தாலியிழந்தவள் கருவிக்குப் பொட்டு வைக்கலாமா என்று உன் மாமியார் பக்கத்தில் யாரிடமோ கேட்டது என் காதிலும் விழுந்தது. பொட்டு வைப்பதை நான் நிறுத்தவில்லை. நல்ல நிலையில் உன்னிடம் ஒப்படைத்த கருவி ஆறே வாரத்தில் பாழாகியிருக்கிறது. தவறை ஒப்புக்கொண்டு குத்தூஸைத் திரும்ப அழைத்துக்கொள்.

தேஜஸ்ரீக்கு என் அன்பு. அவள் அம்மாவுக்கு என் விசாரிப்புகள்; உடைந்த டைல்ஸில் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன், கடித்துப் பார்க்க விரும்பினால் அனுப்புகிறேன். தெய்வம் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் நிதானமும் அருளட்டும்.

இப்படிக்கு,
பெரியம்மா ராமாமணி

பி.கு.: மேலே உள்ளதை நேற்று எழுதி முடித்தேன். டூல்களை அழுக்காகத் திருப்பித் தரக் கூடாது என்று இன்று காலை ஒன்றைப் பிரித்து, பழைய பல் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். ராட்செட் பல்லுக்குள் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. ஊசியால் பெயர்த்து முகர்ந்தேன். மண்ணெண்ணெயையும் மீறி வாசனை வந்தது. சந்தனம். மற்ற இரண்டிலும் அதுவே. இந்த வருஷம் மேலே ஒரு பொட்டு போதாது, வேலை செய்யும் வாய்க்கும் மூட்டுக்கும் வைக்க வேண்டும் என்று நின்று வைத்தவள் நானே. பன்னீர் விட்டுக் குழைத்தவளும் நானே.

குத்தூஸை மறுபடி வரச்சொன்னேன். அவருக்குப் பூஜை முடிந்த முதல் வாரமே தெரிந்திருக்கிறது. டூலின் வாயைத் துடைத்துவிட்டார், உள்ளே இறங்கியதை எடுக்க முடியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க வெச்ச பொட்டுங்க. பூஜையன்னிக்கே அங்க ஒரு மாதிரி பேசிட்டிருந்தாங்க. நானும் போயி சந்தனத்தாலதான் டூலு நின்னுபோச்சுன்னு சொன்னா, அம்மாவுக்குக் கைராசி இல்லைன்னு முடிச்சுப்போடுவாங்களேன்னு வாய மூடிட்டனுங்க" என்றார். இருபத்திரண்டு வருஷ வேலையை அதற்காக விட்டிருக்கிறார். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பன்னீர் அதிகமாகிவிட்டது என்று அவருக்கு விளக்கினேன். "சரிங்கம்மா" என்றார்.

எழுதிய தாளைக் கிழிக்கும் வழக்கம் எனக்கில்லை. ஆகவே இக்கடிதத்தில் கவனக்குறைவு வரும் இடங்களில் "நீ" என்பதை "நான்" என்று வாசித்துக்கொள். இரண்டு முறை சொல்லியும் திறந்து பார்க்காதது மட்டும் உன்னுடையதாகவே இருக்கட்டும். சந்தனத்தைப் பற்றி உன் மாமியாரிடம் தாராளமாகச் சொல்லலாம். நான் சொன்னதாகவே சொல். மூன்று டூலும் இப்போது முழுதாக அழுத்துகின்றன. பன்னிரண்டு லக் போட்டேன், பன்னிரண்டும் கல்லைத் தாங்கின.

குத்தூஸ் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று அவர் பெயருக்கு ஒரு கடிதமும் அதன் நகல் எனக்கும் வேண்டும். போனில் வேண்டாம். எழுத்தில் பதில் போடு.