ஒன்றரை அடியில் ஒரு ஜன்னல்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய பெரியப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே என்று பெரியம்மா காலையிலேயே போனில் சொல்லிவிட்டதால், அதைக் கேட்டு உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

பள்ளிக் கட்டடக் குழுவின் தலைவராக நீங்கள் அனுப்பிய உத்தரவு கிடைத்தது. தரையிலிருந்து ஒன்றரை அடியில் நான் வைத்த மழலையர் வகுப்பின் ஜன்னல்களை நான்கரை அடிக்கு உயர்த்தி, வெள்ளிக்கிழமைக்குள் புது வரைபடம் தர வேண்டும். தராவிட்டால் வேறு ஆர்க்கிடெக்டைப் பார்த்துக்கொள்வீர்கள். பெரியப்பா, இது என் முதல் கட்டடம். இது கைவிட்டுப் போனால் அப்பா என்னை மறுபடியும் அரசு வேலைக்குத் தேர்வு எழுதச் சொல்வார். அது தெரிந்தே சொல்கிறேன்: ஓர் அங்குலம்கூட உயர்த்த மாட்டேன்.

நடந்ததை யாராவது கண், காது, மூக்கு வைத்து உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நானே சொல்லிவிடுகிறேன். நான்கு வயதுக் குழந்தைக்கு ஓர் அறை எப்படித் தெரியும் என்று பார்க்க, கட்டட வேலை நடக்கும் இடத்தில் முட்டி போட்டு நடந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்தார். "என்னம்மா, இந்த வயசுல உங்கள யாரு முட்டி போட வச்சது?" என்றார். விளக்கினேன். தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, வரைபடத்தில் ஒன்றரை அடி என்றிருந்ததை, சின்னப் பெண் ஏதோ தெரியாமல் எழுதிவிட்டது என்று பெருந்தன்மையோடு மன்னித்து, நான்கரை அடிக்குச் சுவரை எழுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்துப் போனால் வகுப்பறை சிறைச்சாலை மாதிரி நிற்கிறது. "இடிங்க" என்றேன். "எந்த ஊர்லம்மா ஜன்னல முழங்கால்ல வைப்பாங்க?" என்றார். "அவங்களுக்கு அது முழங்கால் இல்லண்ணே, இடுப்பு." அவரும் முட்டி போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கடப்பாரையை எடுத்துவந்தார்.

அடுத்த தப்பு என்னுடையது. குழு பார்வையிட வந்த அன்று (நீங்கள் வராதது உங்கள் அதிர்ஷ்டம்) எல்லோரையும் முட்டி போடச் சொன்னேன். தலைமை ஆசிரியை போட்டார், செயலாளர் போட்டார். ஜன்னலுக்கு வெளியே புல், ஈர மண், ஓர் ஓணான். "பாடம் நடத்துறப்ப இது ஓடினா பிள்ளைங்க கவனம் பூரா அது பின்னாடி போயிடுமே!" என்றார் தலைமை ஆசிரியை. "டீச்சர், நீங்களே அஞ்சு நிமிஷமா அதத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க." "அதத்தான் நானும் சொல்றேன்!" செயலாளருக்கோ எழுந்திருக்க முடியவில்லை. மேஸ்திரியும் நானும் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினோம். தூக்கும்போதும், "இருங்கப்பா, அது என்னத்தையோ முழுங்குது" என்றவர், நிமிர்ந்து நின்றதும் ஜன்னலுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்.

பிள்ளைகளின் கவனம் சிதறும் என்று நீங்களும் உத்தரவில் எழுதியிருக்கிறீர்கள். சிதறட்டும். நான் படித்த வகுப்புகளில் மழை பெய்வதைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். அங்கேயும் என் கவனம் சிதறத்தான் செய்தது. மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனை முறை எண்ணினாலும் மூன்றுதான் பெரியப்பா.

ஆகவே வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கு என் பணிவான வணக்கம். உங்களுக்கும் வணக்கம், நின்றபடியே.

இப்படிக்கு,
நீங்கள் சிபாரிசு செய்து வருந்தும்
தம்பி மகள்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு செய்தி. இன்று மழலையர் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரும் புது அறையைப் பார்க்க வந்தார்கள். ஒருவர்கூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நேராக வெளியே ஓடி, அஸ்திவாரத்துக்குத் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் ஏறி, வழுக்கி, குழி பறித்து, ஒரு மண்புழுவை அதன் வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிமாற்றினார்கள். டீச்சர் கூப்பிட்டது யார் காதிலும் விழவில்லை. ஒரு குட்டிப் பெண் மேட்டைக் காட்டி, "ஆன்ட்டி, இத நீங்களா கட்டினீங்க?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதனால் ஜன்னலை உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள்; நான்கரை அடி வரைபடம் இத்துடன் இருக்கிறது. மண்மேட்டையும் அதில் சேர்த்திருக்கிறேன். சனிக்கிழமை அதை அள்ள லாரி வருகிறதாமே. வரட்டும். மேட்டின் உச்சியில்தான் உட்கார்ந்திருப்பேன்.