ராசியில்லாத கையும் கறுப்புப் பட்டும்

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் குற்றாலத்தில் சாரல் ஏமாற்றிவிட்டது. ஆனி போய் ஆடி வந்தும் வெயில் மண்டையைப் பிளந்தது. அருவியில் ஒரு துண்டு நனைக்கத்தான் தண்ணீர். வந்த கூட்டம் என்ன செய்யும்? குளிக்க வழியில்லை என்றால் கும்பிடவாவது ஏதாவது வேண்டும். மேலகரம் சாலையில் குத்தாலிங்கம் நடத்திய லாட்ஜில் அது கிடைத்தது. ஒரு கண்ணாடி மீன்தொட்டி.

சிரிக்காதீர்கள். சீசன் ஆட்களை இழுப்பதற்காக மெட்ராஸிலிருந்து வரவழைத்த தொட்டி அது. ஏழெட்டு வண்ண மீன்கள், நாலைந்து நீர்ச்செடிகள். மாடிப்படி நிழலில் இருந்ததை, தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று கிழக்குச் சன்னலுக்கு மாற்றினார் குத்தாலிங்கம். நம் ஜனங்களுக்கு மீனைக் கண்டால் கை சும்மா இருக்குமா? தெப்பக்குளத்துப் பழக்கம். ஆளுக்கொரு பிடி பொரி போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொய் சொல்வானேன், நானும் போட்டேன். பத்தே நாளில் தண்ணீர் பச்சைப்பசேல் என்று ஆகி, மீனும் தெரியவில்லை, செடியும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ஜலகண்ட யோகி. பொதிகை மலைச் சுனையில் நாற்பது ஆண்டுகள் தண்ணீருக்கடியில் தவம் இருந்தவராம். மூச்சுக்கு என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நீரில் தோஷம் இறங்கியிருக்கிறது" என்றார். திருநீறு பூசிய ஆறு சித்தர் கற்களைத் தண்ணீரில் போட்டார். மந்திரம் சொன்னார். கறுப்புப் பட்டால் தொட்டியை இறுக மூடினார். ஐந்து நாள் யாரும் பார்க்கக்கூடாது, பொரி போடக்கூடாது என்று உத்தரவு.

ஆறாம் நாள் பட்டுக்குள் கையைவிட்டுக் கற்களை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிறகு பட்டை விலக்கினார். தண்ணீர் தெளிந்து கிடந்தது. மீனின் செதிலை எண்ணலாம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? தென்காசியிலிருந்தும் கடையத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். யோகியின் மாடி அறையில் செவ்வாழைத் தார்களும் நெய்ச் செம்புகளும் குவிந்தன. வீட்டுத் தோஷம் போகத் தெளிப்பதற்கென்று தெளிந்த தொட்டித் தண்ணீரையும் குப்பியில் அடைத்துக் கொடுத்தார். வாங்கிப் போனவர்கள் படித்தவர்கள். படிக்காதவர்களுக்குக் குப்பி கிடைக்கவில்லை, அவ்வளவு கூட்டம்.

தொட்டி அதே சன்னலில்தான் இருந்தது. பொரியும் விழுந்துகொண்டேயிருந்தது. இரண்டு வாரத்தில் மறுபடியும் பச்சை.

கூட்டம் யோகியைப் பார்த்தது. யோகி கண்ணை மூடிக்கொண்டார். "இந்தத் தொட்டிக்கு நீர் வார்க்கும் கை எது?"

தங்கபுஷ்பத்தின் கை. லாட்ஜில் பாத்திரம் தேய்த்து, தண்ணீர் சுமக்கிறவள். புருஷன் செத்து மூன்று வருஷம். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"ராசியில்லாத கை. அது இந்த வீட்டில் இருக்கும்வரை நீர் தெளியாது" என்றார் யோகி.

குத்தாலிங்கம் தலையைச் சொறிந்தார். "தங்கபுஷ்பம், எனக்கு உன்மேல ஒண்ணும் இல்ல பாத்துக்க. சாமி சொல்லுதாரு. நாளையிலேருந்து வராண்டாம்."

அவள் அழவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "போறேன் அண்ணாச்சி. ஆனா ஒரு சந்தேகம். பின்கட்டுல ரெண்டு தண்ணித் தொட்டி இருக்கு. ரெண்டுலயும் நான்தான் தண்ணி ஊத்துதேன். வெயில்ல கெடக்குததுதான் பாசி பிடிக்குது. கூரைக்கடியில கெடக்குததுக்கு ஒண்ணும் ஆகலையே. என் கை நெழல்ல மட்டும் ராசியாயிருமா?"

யாரோ சிரித்தார்கள். யோகி சிரிக்கவில்லை.

"சாமி, தண்ணிய தெளிய வைக்கிதது உங்க மந்திரமா, துணியா?"

நூறு பேருக்கு நடுவில் துணி என்று எந்தச் சாமியாராவது சொல்வாரா? "மந்திரமே" என்றார்.

"அப்ப ரெண்டு கண்ணாடி சாடியில இதே பச்சைத் தண்ணிய எடுப்போம். ஒண்ணுக்கு நீங்க மூணு வேளையும் மந்திரம் சொல்லுங்க, துணி வேண்டாம். இன்னொண்ணுல நான் என் கைய முக்கி எடுத்துட்டு மூடி வைக்கேன். ரெண்டும் இதே சன்னல்ல இருக்கட்டும். அஞ்சு நாள் கழிச்சுப் பாத்துட்டு என்னைய அனுப்புங்க."

தொட்டியைப் படம் பிடிக்க வந்திருந்த தென்காசி போட்டோக்காரர் துல்கர்னைன், காமிராமேல் போடும் கறுப்புத் துணியைக் கொடுத்தார். "எனக்கும் கறுப்புத் துணிதான் பொழப்பு தாயி. யோகின்னு சொல்லிக்கிடணும்னு எனக்குத் தோணாம போச்சே."

ஐந்து நாள் யோகி தொண்டை கட்டுகிற அளவுக்கு மந்திரம் சொன்னார். வெயிலோ மந்திரம் கேட்காத மதத்தைச் சேர்ந்தது. அவருடைய சாடி கீரை அரைத்த அம்மிபோல் ஆகிவிட்டது.

ஆறாம் நாள் துல்கர்னைன் துணியை உருவினார். தங்கபுஷ்பத்தின் சாடியில் அடியில் கொஞ்சம் வண்டல். மேலே தெளிந்த தண்ணீர். ராசியில்லாத கை முங்கி எழுந்த தண்ணீர்.

பக்தர்களில் தலைமைப் பக்தரான நல்லக்கண்ணு பதறிப்போனார். "சாமி, நீங்க கல்லைப் போட மறந்துட்டிய." யோகி தடுப்பதற்குள் பைக்குள் கையைவிட்டு ஒரு கல்லை எடுத்து யோகியின் சாடிக்குள் போட்டுவிட்டார்.

திருநீறு கரைந்தது. கல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு இரண்டு கொம்பு நீட்டியது. கண்ணாடியில் ஏறி, பாசியை வழித்துத் தின்றுகொண்டே நடக்கத் தொடங்கியது.

"கல்லு நடக்குது" என்று நல்லக்கண்ணு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

தங்கபுஷ்பம் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "எந்திரிங்க அண்ணாச்சி. இது நத்தை. தண்ணி இல்லன்னா வாயை மூடிக்கிட்டு கல்லு மாதிரி கெடக்கும். சுந்தரபாண்டியபுரத்து வயல்ல கூடை கூடையாக் கெடக்கு. மூலத்துக்குப் பொரிச்சுத் திம்பாங்க."

"ஏட்டி, அதை வைட்டி கீழ" என்றார் யோகி. பொதிகைத் தமிழ் போய்ப் பக்கத்து ஊர்ப் புளியங்குடித் தமிழ் வந்துவிட்டது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடிக்கையில் சாமியும் இல்லை, மாடியிலிருந்த நெய்ச் செம்புகளும் இல்லை. வாழைத்தார் கனம், விட்டுவிட்டுப் போயிருந்தார்.

தொட்டி மாடிப்படி நிழலுக்குத் திரும்பியது. குத்தாலிங்கம் "பொரி போடக்கூடாது" என்று அட்டை எழுதி மாட்டினார். தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்க்க அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவள் வழக்கம்போல் தண்ணீர் சுமந்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நம் ஊர் உருப்பட்டிருக்கும். மறுவாரம் வாசலில் மறுபடியும் வரிசை. முதல் ஆளாக நல்லக்கண்ணு, கையில் வெற்றிலைத் தட்டு. "தாயி, உன் கை ராசியான கை. ஒரு தடவை என் தலையில வச்சிரு."

அவள் தட்டை வாங்கவில்லை. தேங்காய் நார் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். "பின்கட்டுத் தொட்டியில பாசி கெடக்கு அண்ணாச்சி. தேய்ங்க. உங்க கைக்கும் ராசி வந்துரும்."

வெளிச்சம் பட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கும். வெளிச்சமே படாமல் பாசி பிடிப்பது மூளையில்தான். உங்கள் வீட்டில் தேங்காய் நார் இருக்கிறதா?